மருத்துவ உரிமத் தேர்வுக்கு அடிப்படை மருத்துவ அறிவியலை மீண்டும் படித்தல்: முழுமையான வழிகாட்டி

உயர் ரத்த அழுத்தத்துக்காக ஒரு முதியவருக்கு லிசினோபிரில் தொடங்குகிறார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தால் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியிருக்கிறது. தேர்வில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, லிசினோபிரில் எந்த மருந்து வகை என்று யாரும் கேட்பதில்லை. அவருடைய இரு சிறுநீரகத் தமனிகளும் குறுகியிருக்கின்றன என்பதைக்கூடச் சொல்லமாட்டார்கள். வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் இருபுறமும் இரைச்சல் கேட்கிறது என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். சிறுநீரகத்தின் நுண்வடிகட்டியான குளோமெருலஸில் ஏற்பட்ட எந்த மாற்றம் இதற்குக் காரணம் என்று கேள்வி முடியும். இரைச்சலிலிருந்து தமனிக்கு, தமனியிலிருந்து ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் ஹார்மோனுக்கு, அதிலிருந்து வெளிச்செல்லும் நுண்தமனிக்கு என்று மூன்று தாவல் தாவினால்தான் விடை கிடைக்கும். மூன்றுமே உங்களுக்குத் தனித்தனியாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவற்றை முன்பே கோத்து வைத்திருக்காவிட்டால், கடிகாரம் ஓடும்போது கோப்பது கடினம்.

அடிப்படை அறிவியலை மீண்டும் படிப்பது என்றவுடன் பழைய பாடநூல்களை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. முதல் வாரம் உற்சாகமாகப் போகும். நான்காவது வாரத்தில், முதல் வாரம் படித்தது காணாமல் போயிருக்கும். இந்த வழிகாட்டி வேறு வழியைச் சொல்கிறது: தகவல்களைச் சேர்ப்பதைவிட, 'இது கூடினால் எது குறையும், ஏன்' என்ற காரணச் சங்கிலிகளைக் கட்டுவது. மனப்பாடம் தேவைப்படும் இடங்களும் உண்டு. அவற்றைத் தனியே பிரித்து, வேறு முறையில் கையாளலாம்.

முதல் படி: புத்தகத்துக்கு முன் ஒரு தேர்வு

எதையும் படிக்காமல், முதல் நாளே ஒரு முழு மாதிரித் தேர்வை நேரக் கட்டுப்பாட்டோடு எழுதுங்கள். மதிப்பெண் மோசமாகத்தான் வரும். அதைப் பார்க்க மனமில்லாமல் 'கொஞ்சம் படித்துவிட்டு எழுதுகிறேன்' என்று தள்ளிப்போடுகிறவர்கள், எதைப் படிக்க வேண்டும் என்று தெரியாமலே இரண்டு மாதம் படிக்கிறார்கள்.

எழுதி முடித்தபின் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் மூன்றில் ஒரு குறி இடுங்கள். முதல் வகை, செய்தியே தெரியாதது. இரண்டாவது, துண்டு துண்டாகத் தெரிந்தும் கோக்க முடியாதது. மூன்றாவது, எல்லாம் தெரிந்தும் கேள்வியைத் தவறாகப் படித்தது. ஊகத்தில் சரியான கேள்விகளையும் தவறாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வகைக்குப் புத்தகம் வேண்டும். இரண்டாம் வகைக்குப் புத்தகம் உதவாது, வெற்றுத் தாள் வேண்டும். மூன்றாம் வகைக்குப் படிப்பே வேண்டாம், வாசிக்கும் பழக்கத்தை மாற்ற வேண்டும். எல்லாத் தவறுக்கும் ஒரே மருந்தாக 'இன்னும் படிக்கிறேன்' என்று இறங்குவதில்தான் மாதங்கள் வீணாகின்றன.

இரண்டாம் படி: வரிசை

என் வரிசை இது: முதலில் உடலியங்கியல். அதன்மேல் உறுப்பு உறுப்பாக நோயியலும் மருந்தியலும் சேர்த்து. இதயம் என்றால் இதயத்தின் இயக்கம், இதய நோய்கள், இதய மருந்துகள் மூன்றும் ஒரே வாரத்தில். உயிர்வேதியியல், நோய் எதிர்ப்பியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக நடுவில் செருகலாம். புள்ளியியலைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்குவது பரவலான பழக்கம். ஆனால் அது சிறிய பாடம், நிச்சயமான மதிப்பெண் தருவது. அதனால் முன்னாலேயே முடித்துவிட்டு, வாரம் சில கணக்குகள் போட்டுவந்தால் போதும்.

உடலியங்கியலை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நோயியலில் பாதி, கெட்டுப்போன உடலியங்கியல். மருந்தியலில் பாதி, வேண்டுமென்றே திருப்பிவிடப்பட்ட உடலியங்கியல். அடித்தளம் இருந்தால் புதிதாகக் கேள்விப்படும் மருந்தின் பக்கவிளைவைக்கூட ஊகிக்கலாம்.

நாட்காட்டி போடும்போது வாரத்தில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். ஓய்வுக்கு என்று சொல்லவில்லை. தங்கிப்போன பாடங்கள் எப்படியும் இருக்கும், அவற்றுக்குத்தான் அந்த நாள்.

மூன்றாம் படி: வெற்றுத் தாள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். ஒரு தலைப்பைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத் தாளில் அந்த அமைப்பை வரையுங்கள், அம்புக்குறிகள் போடுங்கள். பிறகு ஓர் இடத்தில் கை வைத்து, 'இதை மட்டும் கூட்டினால் மற்றவை என்ன ஆகும்?' என்று கேட்டு எழுதுங்கள். எழுதிய பிறகே புத்தகத்தைத் திறந்து சரிபார்க்க வேண்டும்.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. உரைநடைப் பகுதிகளைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முன்னிலையில் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் வைத்த சோதனைகளில், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். திரும்பப் படித்தால் அன்று மாலை எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். தேர்வோ அன்று மாலை நடப்பதில்லை.

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வோம். தாளின் நடுவே குளோமெருலஸை வரையுங்கள். ஒரு பக்கம் உள்வரும் நுண்தமனி, மறுபக்கம் வெளிச்செல்லும் நுண்தமனி. நடுவில் துளைகள் உள்ள தோட்டக் குழாயாக அதை நினைத்துக்கொண்டால் போதும்: பின்பக்கத்தை நெரித்தால் துளை வழியே வெளியேறும் நீர் கூடும், முன்பக்கத்தை நெரித்தால் குறையும். இப்போது மூன்று நிரல்கள் போடுங்கள்: சிறுநீரகத்துக்கு வரும் பிளாஸ்மா ஓட்டம், வடிகட்டும் வேகமான ஜிஎஃப்ஆர், இரண்டுக்கும் உள்ள விகிதமான வடிகட்டல் பின்னம்.

உள்வரும் நுண்தமனி சுருங்கினால் ஓட்டமும் குறையும், வடிகட்டலும் குறையும், விகிதம் ஏறத்தாழ மாறாது. வெளிச்செல்லும் நுண்தமனி சுருங்கினால் ஓட்டம் குறையும், வடிகட்டல் கூடும், விகிதம் ஏறும். சிறுநீர்க்குழாயில் கல் அடைத்தால் ஓட்டம் அப்படியே இருக்கும், எதிரழுத்தத்தால் வடிகட்டல் குறையும், விகிதம் இறங்கும். ரத்தத்தில் புரதம் கூடினாலும் அதே திசைதான், காரணம் மட்டும் வேறு.

இந்தத் தாள் கையில் இருந்தால் மருந்துகள் தாமாக வந்து உட்காரும். பிராஸ்டாகிளாண்டின்கள் உள்வரும் நுண்தமனியை விரித்து வைத்திருக்கின்றன. ஐபுப்ரோஃபென் போன்ற வலி நிவாரணிகள் அவற்றை நிறுத்தினால் அந்தக் குழாய் சுருங்குகிறது. ஆஞ்சியோடென்சின் 2 வெளிச்செல்லும் நுண்தமனியைச் சுருக்குகிறது. லிசினோபிரில் போன்ற ஏசிஇ தடுப்பான்கள் அதைக் குறைத்தால் அந்தக் குழாய் விரிகிறது. இரு தமனிகளும் குறுகியவரின் சிறுநீரகம், வெளிவழியை இறுக்கித்தான் வடிகட்டலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. லிசினோபிரில் அந்தப் பிடியைத் தளர்த்திவிட்டது. மேலே சொன்ன முதியவரின் கிரியேட்டினின் ஏறியது இதனால்தான்.

அதே தாளின் பின்பக்கத்தில் ரெனின் தொடங்கி, சிறுநீரில் பொட்டாசியத்தை வெளியேற்றும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் வரையுள்ள சங்கிலியை எழுதி, ஒவ்வொரு கண்ணியையும் அறுத்துப் பாருங்கள். ஏசிஇ தடுப்பான் கொடுத்தால் ரெனின் கூடும், ஆஞ்சியோடென்சின் 1 கூடும், ஆஞ்சியோடென்சின் 2 குறையும், ஆல்டோஸ்டிரோன் குறையும், இருமலைத் தூண்டும் பிராடிகைனின் கூடும். ஆஞ்சியோடென்சின் 2இன் ஏற்பியைத் தடுக்கும் லோசார்ட்டன் கொடுத்தால் ரெனினும் இரு ஆஞ்சியோடென்சின்களும் கூடும், ஆல்டோஸ்டிரோன் குறையும், பிராடிகைனின் மாறாது. வறட்டு இருமல் ஏன் முதல் மருந்தில் அதிகம், இரண்டாவதில் ஏன் அரிது என்பதற்கு இனி மனப்பாடம் வேண்டாம். இரண்டிலும் பொட்டாசியம் ஏன் ஏறுகிறது என்பதும் ஆல்டோஸ்டிரோன் நிரலிலேயே இருக்கிறது. அம்புக்குறி மேலே, கீழே என்று விடைத் தெரிவுகளை அடுக்கும் கேள்விகள் இந்தத் தாளின் நகல்கள்தாம்.

இதேபோல் தாள் போட வேண்டிய வேறு தலைப்புகள்: இதயத்தின் அழுத்த–கொள்ளளவு வளையம், ஆக்சிஜன்–ஹீமோகுளோபின் வளைகோடு, நுண்குழாயில் நீர் நகர்வு, தைராய்டு, அட்ரினல், கால்சியம் ஆகியவற்றின் பின்னூட்டச் சுழல்கள், நெஃப்ரானின் ஒவ்வொரு பகுதியிலும் எந்த அயனி நகர்கிறது, எந்த மருந்து அதைத் தடுக்கிறது என்ற படம். ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று முறையாவது, இடைவெளி விட்டு, புத்தகம் பார்க்காமல் வரைந்திருக்க வேண்டும். பக்கம் முழுவதையும் மஞ்சள் பேனாவால் நிறம் மாற்றி வைத்திருப்பவர்களிடம் இதில் எது முக்கியம் என்று கேட்டுப் பாருங்கள், எல்லாமே என்பார்கள்.

நான்காம் படி: எண்களோடு பழகுதல்

அமில–காரக் கேள்விகளைக் கண்டு ஒதுங்குகிறவர்கள் பலர். உண்மையில் இது தேர்வின் மிக நேர்மையான பகுதி. எண்களைச் சரியாகக் கேட்டால் அவை பொய் சொல்வதில்லை.

ஒரு நோயாளி: பிஎச் 7.24, சோடியம் 140, குளோரைடு 100, பைகார்பனேட் 10, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 24. முதலில் பிஎச், அமிலப் பக்கம். அடுத்து, யார் காரணம்? பைகார்பனேட் இறங்கியிருக்கிறது, ஆகவே வளர்சிதை அமிலத்தன்மை. மூன்றாவது, அனயான் கேப் (கணக்கில் வராத எதிர்மின் அயனிகளின் அளவு): 140இலிருந்து 100ஐயும் 10ஐயும் கழித்தால் 30. இயல்பு சுமார் 8 முதல் 12 வரை என்பதால், வெளியிலிருந்தோ உள்ளிருந்தோ ஏதோ ஓர் அமிலம் சேர்ந்திருக்கிறது. நான்காவது, நுரையீரல் ஈடு செய்கிறதா? பைகார்பனேட்டை 1.5ஆல் பெருக்கி 8 கூட்டினால் 23, இரண்டு முன்பின் விடலாம். இருப்பது 24. ஈடு சரியாக இருக்கிறது, நோய் ஒன்றுதான்.

இப்போது அதே நோயாளியின் அழுத்தத்தை மட்டும் 18 ஆக்குங்கள். பிஎச் சுமார் 7.37க்கு வந்துவிடும். அவசரக்காரர் 'பிஎச் இயல்பு' என்று நகர்ந்துவிடுவார். ஆனால் எதிர்பார்த்த 23ஐவிட 18 மிகக் குறைவு. நோயாளி ஈட்டுக்கு மேல் மூச்சு வாங்குகிறார். வளர்சிதை அமிலத்தன்மையும் சுவாசக் காரத்தன்மையும் ஒன்றாக இருக்கின்றன. காதில் இரைச்சல் என்றும் ஒரு வரி இருந்தால் ஆஸ்பிரின் நஞ்சு என்று முடிவு கட்டலாம். அழுத்தம் 32 ஆக இருந்தால் எதிர்ப்பக்கம்: மூச்சு போதவில்லை, நோயாளி களைத்துப்போகிறார்.

இன்னொரு திருப்பம்: சோடியம் 140, குளோரைடு 90, பைகார்பனேட் 20. கேப் மறுபடி 30தான். இயல்பைவிடக் கேப் 18 கூடியிருக்கிறது, பைகார்பனேட் 24இலிருந்து 4தான் இறங்கியிருக்கிறது. அப்படியானால் அது ஏற்கெனவே உயர்ந்த இடத்திலிருந்து இறங்கியிருக்கிறது. அமிலத்தன்மையோடு வளர்சிதைக் காரத்தன்மையும் ஒளிந்திருக்கிறது. கீட்டோ அமிலத்தோடு வாந்தியும் எடுத்த நோயாளியிடம் இந்த எண்களைப் பார்க்கலாம். ஒரே கேள்வியில் எண்களை இப்படி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது, பத்துப் புதிய கேள்விகளைச் செய்வதற்குச் சமம் என்பது என் கருத்து.

ஆக்சிஜனுக்கும் இதேபோல் ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்தில், சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது, நுண்ணறை ஆக்சிஜன் அழுத்தம் என்பது 150இலிருந்து, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தை 0.8ஆல் வகுத்துக் கழித்தது. மயக்க நிலையில் வந்தவருக்குக் கார்பன் டை ஆக்சைடு 80, தமனி ஆக்சிஜன் 42 என்றால், நுண்ணறையில் 50. வித்தியாசம் 8தான். நுரையீரலில் கோளாறு இல்லை, மூச்சை இயக்கும் மூளை தூங்குகிறது, அபின் வகை மருந்தான ஓபியாய்டை நினையுங்கள். கார்பன் டை ஆக்சைடு 32, ஆக்சிஜன் 50 என்றால் நுண்ணறையில் 110, வித்தியாசம் 60. இங்கே கோளாறு நுரையீரலில், அல்லது ரத்தம் அதைத் தாண்டிப் போகும் பாதையில்.

மருந்தியக்கக் கணக்குகள் நான்கு சூத்திரங்களில் முடிந்துவிடும். பரவல் கொள்ளளவு 40 லிட்டர், வெளியேற்றம் மணிக்கு 4 லிட்டர் என்றால், அரை ஆயுள் 0.7 முறை 40 வகுத்தல் 4, அதாவது 7 மணி நேரம். நிலையான செறிவு வர நான்கு முதல் ஐந்து அரை ஆயுள் ஆகும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் வேண்டுமென்றால் தொடக்க ஊட்டளவு 400 மில்லிகிராம், தொடர் அளவு மணிக்கு 40. சிறுநீரகம் பழுதானால் எதைக் குறைக்க வேண்டும்? வெளியேற்றம் தொடர் அளவின் சூத்திரத்தில் இருக்கிறது, தொடக்க அளவின் சூத்திரத்தில் இல்லை. விடை அதற்குள்ளேயே கிடக்கிறது.

ஐந்தாம் படி: உயிர்வேதியியலைச் சாப்பாட்டு நேரத்தோடு இணைத்தல்

வளர்சிதைப் பாதைகளை நொதி நொதியாக எழுதி மனப்பாடம் செய்வது பெரும்பாலும் வீண். உணவு உண்ட பிறகு கடிகாரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு படியுங்கள். முதலில் இன்சுலின் ஆட்சி. சில மணி நேரத்தில் கல்லீரல் கிளைகோஜன் குளுக்கோஸ் கொடுக்கிறது. அது தீரத் தீரப் புதிய குளுக்கோஸ் உருவாக்கம் பொறுப்பேற்கிறது. பட்டினி நீண்டால் கொழுப்பு எரிந்து கீட்டோன்கள் வருகின்றன.

ரத்தச் சர்க்கரை குறைந்த குழந்தை கேள்வியில் வந்தால் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: சாப்பிட்டு எவ்வளவு நேரம், கீட்டோன் உண்டா, லாக்டேட் கூடியதா, கல்லீரல் பெரிதா. சாப்பிட்டுச் சில மணி நேரத்திலேயே சர்க்கரை இறங்கி, லாக்டேட் ஏறி, கல்லீரலும் பெரிதாக இருந்தால் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டேஸ் குறைபாடான வான் கியர்க்கே நோய். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்கியும் கீட்டோன் எழவில்லை என்றால், கொழுப்பை எரிக்கும் வழி அடைபட்டிருக்கிறது; கொழுப்பு அமிலத்தை உடைக்கும் நொதியான எம்சிஏடியின் குறைபாட்டை நினையுங்கள். தாய்ப்பாலில் நன்றாக இருந்து, பழமும் சர்க்கரையும் தொடங்கியதும் வாந்தியும் மஞ்சள் காமாலையும் வந்தால் ஃபிரக்டோஸை உடைக்கும் ஆல்டோலேஸ் பி நொதி இல்லை. ஃபிரக்டோஸ்-1-பாஸ்பேட்டாகவே பாஸ்பேட் சிக்கிக்கொள்வதால் ஏடிபி செய்யவும் கிளைகோஜனை உடைக்கவும் வழியில்லாமல் போகிறது.

மற்றவற்றை ஜோடி ஜோடியாகப் படித்தால் போதும். ஒரு ஜோடியில், சிறுநீரில் ஓரோட்டிக் அமிலம் கூடியது இரண்டு நோய்களுக்கும் பொது. அம்மோனியாவும் ஏறினால் யூரியா சுழற்சியின் ஆர்னிதைன் டிரான்ஸ்கார்பமைலேஸ் குறைபாடு. அம்மோனியா இயல்பாக இருந்து, பெரிய அணுக்கள் கொண்ட ரத்தசோகை இருந்தால் பிரிமிடின் தயாரிப்பில் குறை. ஹோமோசிஸ்டீன் ஃபோலேட், பி12 இரண்டின் குறைபாட்டிலும் ஏறும், மெத்தில்மலோனிக் அமிலம் பி12 குறைபாட்டில் மட்டும் ஏறும். தேர்வு வைப்பவருக்கு ஒற்றைச் செய்திகளைவிட இப்படிப்பட்ட ஜோடிகள் மேல்தான் ஆசை. இரண்டையும் விடைத் தெரிவுகளில் அடுத்தடுத்து வைக்கலாம் அல்லவா.

ஆறாம் படி: நோயும் மருந்தும் ஒரே மேசையில்

அதிர்ச்சி நிலைகளைக் கொண்டு இதைப் பழகலாம். ரத்தம் இழந்தவருக்கு இதய வெளியீடு குறைவு, நாள எதிர்ப்பு கூடுதல், நுரையீரல் நுண்குழாய் ஆப்பு அழுத்தம் (இதயத்தின் இடப்பக்கம் நிரம்பும் அழுத்தத்தைக் காட்டுவது) குறைவு. இதயம் தோற்றவருக்கு முதல் இரண்டும் அதேதான், ஆப்பு அழுத்தம் மட்டும் கூடுதல். கிருமித் தொற்று அதிர்ச்சியின் தொடக்கத்தில் எதிர்ப்பு சரிந்து, வெளியீடு கூடி, தோல் வெதுவெதுப்பாக இருக்கும். இந்த மூன்று வரிகளை எழுதிய பிறகு ஒவ்வொன்றுக்கும் எதைக் கொடுப்பீர்கள், கொடுத்தால் எந்த எண் எந்தப் பக்கம் நகரும் என்று தொடர்ந்து எழுதுங்கள்.

தானியங்கு நரம்பு மருந்துகளைப் படிக்கும்போது, மருந்தின் நேரடி விளைவையும் உடலின் பதிலடியையும் இரண்டு வரிகளாகப் பிரியுங்கள். ஹைட்ராலசின் நாளத்தை விரிக்கிறது, அது நேரடி விளைவு. இதயம் வேகமெடுப்பதும் உடல் உப்பைப் பிடித்து வைப்பதும் பதிலடி. அதனால்தான் பீட்டா தடுப்பானையும் சிறுநீர்ப்பெருக்கியையும் அதனோடு சேர்க்கிறார்கள். நார்அட்ரினலின் இதயத்தை நேரடியாகத் தூண்டினாலும், அழுத்தம் ஏறியதும் நரம்பின் பதிலடியால் துடிப்பு குறையலாம். இந்த இரண்டாம் வரியில்தான் பாதிக் கேள்விகள் பிறக்கின்றன.

ஏழாம் படி: மனப்பாடம் செய்தே ஆக வேண்டியவை

நுண்ணுயிரியலில் காரணச் சங்கிலி ஓரளவுக்குத்தான் உதவும். சாயமிட்டால் எந்தப் பாக்டீரியாவுக்கு எந்த நிறம், எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்பவை நினைவில் நிற்க வேண்டியவை. இங்கே அட்டைகள் பயன்படுத்துங்கள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை, ஓர் அட்டைக்கு ஒரு செய்தி மட்டும். எப்பிங்ஹாஸ் 1885இல் தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து அளந்து காட்டியது இன்றும் பொருந்துகிறது: நினைவு முதலில் செங்குத்தாகச் சரிகிறது, பிறகு மெல்ல. ஆகவே முதல் மீள்பார்வை அடுத்த நாளே வேண்டும். அதன் பிறகு இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம். எதையெல்லாம் சங்கிலியாகப் புரிந்துகொள்ளலாமோ அதையெல்லாம் அட்டையாக்காதீர்கள். அட்டைக் குவியல் படிப்பையே விழுங்கிவிடும்.

நோய் எதிர்ப்பியல் பார்வைக்கு மனப்பாடம்போலத் தெரியும், ஆனால் ஒரு சாவி இருக்கிறது. எந்தக் கிருமி திரும்பத் திரும்ப வருகிறது என்பதே எந்தப் படைப்பிரிவு இல்லை என்பதைச் சொல்லிவிடும். தாயிடமிருந்து வந்த ஐஜிஜி எதிர்ப்பொருள் தீரும் ஆறு மாத வயதுக்குப் பிறகு ஆண் குழந்தைக்குத் தொடர்ந்து சீழ்த் தொற்றுகள் வந்தால் பி செல்கள் இல்லை. பூஞ்சையும் நியூமோசிஸ்டிஸும் என்றால் டி செல். நைசீரியா மறுபடி மறுபடி வந்தால் காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரத வரிசையின் கடைசிப் பகுதியான சி5 முதல் சி9 வரையில் குறை. ஸ்டஃபைலோகாக்கஸ், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற கேட்டலேஸ் உள்ள கிருமிகள் என்றால் நாள்பட்ட கிரானுலோமா நோய்.

எட்டாம் படி: உடற்கூறியல், அளவோடு

எல்லாத் தசைகளின் தொடக்கமும் முடிவும் தேவையில்லை. காயம்பட்டால் என்ன இழக்கிறோம் என்பதைப் படியுங்கள். பாதம் தொங்குகிறது என்று கேள்வியில் வந்தால், ஃபிபுலாவின் கழுத்தில் பொது பெரோனியல் நரம்பு அடிபட்டதா, எல்5 வேர் நசுங்கியதா? பாதத்தை உட்பக்கம் திருப்பச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் நரம்பு, அதுவும் பலவீனமாக இருந்தால் வேர். மூளைத்தண்டுக்கு ஒரே படம் போதும். முகத்தில் ஒரு பக்கமும் உடலில் மறுபக்கமும் வலியும் வெப்பமும் தெரியாமல், குரலும் கரகரத்தால் மெடுல்லாவின் பக்கவாட்டுப் பகுதி. கருவியலில் தொண்டை வளைவுகளையும் பைகளையும், இதயத் தடுப்புச் சுவர்களையும் பார்த்தால் பெரும்பகுதி முடிந்தது.

ஒன்பதாம் படி: புள்ளியியல் என்றால் நான்கு கட்டம்

சூத்திரத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள், 1000 பேரைக் கட்டத்தில் நிரப்புங்கள். நோய் 1 சதவீதம் பேருக்கு உண்டு. சோதனையின் உணர்திறனும் (நோயாளியைக் கண்டுபிடிக்கும் திறன்) தனித்தன்மையும் (நோயற்றவரை விலக்கும் திறன்) 90 சதவீதம். நோயாளிகள் 10 பேர், அவர்களில் 9 பேருக்குச் சோதனை நேர்மறை. நோயற்றவர்கள் 990 பேர், அவர்களில் 99 பேருக்குத் தவறான நேர்மறை. ஆக, நேர்மறை வந்த 108 பேரில் உண்மையான நோயாளிகள் 9 பேர்தான், சுமார் 8 சதவீதம். நோய்ப் பரவலை 10 சதவீதமாக்கினால் 90 பேர் உண்மை, 90 பேர் தவறு. அதே சோதனையின் நேர்மறைக் கணிப்பு 50 சதவீதமாகிவிடும். உணர்திறனும் தனித்தன்மையும் மாறவில்லை, மக்கள்தான் மாறினார்கள். இந்த ஒரு கணக்கைப் பல எண்களில் போட்டுப் பார்த்தால் இந்தப் பகுதியின் பெரும்பாலான பொறிகள் பிடிபடும்.

பத்தாம் படி: கேள்வி வங்கியைப் பாடநூலாக்குதல்

கேள்விகளைக் கடைசியில் செய்வோம் என்று சேர்த்து வைக்காதீர்கள். முதல் வாரத்திலிருந்தே தினமும் ஒரு தொகுதி, நேரம் வைத்து. தொடக்கத்தில் அந்த வாரப் பாடத்தின் கேள்விகள். பாதி வழியைத் தாண்டியபின் எல்லாப் பாடமும் கலந்து. தேர்வு அறையில் 'இது சிறுநீரகக் கேள்வி' என்று யாரும் பலகை மாட்டி வைப்பதில்லை.

கேள்வியைப் படிக்கும்போது முதலில் கடைசி வரியைப் பாருங்கள், என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கதைக்குள் போங்கள். விடைத் தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு உங்கள் விடையை மனத்துக்குள் சொல்லுங்கள், பிறகு தேடுங்கள். முதல் படியில் சொன்ன மூன்றாம் வகைத் தவறுகளை இந்த இரண்டு பழக்கமும் குறைக்கும்.

திருத்தும் நேரம், எழுதிய நேரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். சரியான விடைக்கு விளக்கம் படித்தால் மட்டும் போதாது. மற்ற ஒவ்வொரு தெரிவையும் எடுத்து, 'கேள்வியில் எதை மாற்றினால் இது சரியாகும்?' என்று கேளுங்கள். ஐந்து தெரிவுள்ள ஒரு கேள்வியில் நான்கு புதிய கேள்விகள் இலவசமாக ஒளிந்திருக்கின்றன.

தவறுகளுக்கு ஒரு குறிப்பேடு. விளக்கத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் அந்த நோட்டை யாரும் திரும்பப் படிப்பதில்லை. ஒரு தவறுக்கு ஒரு வரி, சங்கிலி வடிவில்: 'வாந்தி → நீரிழப்பு → ஆல்டோஸ்டிரோன் → சிறுநீரில் பொட்டாசியமும் ஹைட்ரஜனும் போகும் → காரத்தன்மை நீடிக்கும், சிறுநீர்க் குளோரைடு குறைவு, உப்புநீர் கொடுத்தால் சரியாகும்.' இதைவிட நீளமாக எழுத வேண்டியிருந்தால் சங்கிலி இன்னும் புரியவில்லை என்று பொருள், வெற்றுத் தாளுக்குத் திரும்புங்கள்.

கடைசி வாரங்கள்

இடையிடையே முழு மாதிரித் தேர்வு எழுதுங்கள், உண்மைத் தேர்வு தொடங்கும் அதே நேரத்தில், அதே இடைவேளைகளோடு. மதிப்பெண் ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே கொஞ்சம் ஆடுவது இயல்பு, ஒரு தேர்வில் இறங்கினால் திட்டத்தையே கலைக்க வேண்டாம். இரண்டு மூன்று தேர்வுகளில் தொடர்ந்து ஒரே பாடம் சறுக்கினால் மட்டும் அந்தப் பாடத்தின் தாள்களை மீண்டும் வரையுங்கள்.

இறுதி வாரத்தில் புதிய புத்தகம், புதிய கேள்வி வங்கி எதுவும் வேண்டாம். நண்பர் அனுப்பும் 'கட்டாயம் வரும்' பட்டியல்களையும் திறக்காதீர்கள். தவறுக் குறிப்பேட்டை முழுதாக ஒருமுறை, அட்டைகளில் அடிக்கடி தவறியவை, சூத்திரங்கள் ஒரு பக்கம், இவை போதும். தூக்கத்தைக் குறைத்துப் படிக்கும் மணிநேரம் மறுநாள் வாசிப்புப் பிழைகளாகத் திரும்பி வரும்.

முந்தைய நாள் மாலையில் அடையாள ஆவணம், அனுமதிச் சீட்டு, தேர்வு மையத்துக்குப் போகும் வழி ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டுப் படிப்பை நிறுத்துங்கள். தேர்வில் எழுதத் தாளோ பலகையோ கொடுப்பார்கள் என்றால், அனுமதிக்கப்பட்ட நேரம் தொடங்கியதும் அனயான் கேப், ஈட்டுக் கணக்கு, நுண்ணறை ஆக்சிஜன், நான்கு கட்டம் ஆகியவற்றை ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு முதல் கேள்விக்குப் போங்கள்.